டீசல் பிக்கப்பும் டிரெய்லரும்: கோத்தகிரித் தம்பிக்குப் பதில்

தம்பி, கொலராடோ வந்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை, அதற்குள் 2004 ராம் டீசல் பிக்கப் வாங்கிவிட்டீர்கள். ஆட்டோமேட்டிக் கியர், பின்னால் மூன்றரை டன் டிரெய்லர். இறக்கத்துக்கு எந்த எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விடுமுறையில் குன்னூரில் இருக்கிறேன். கேரட் ஏற்றிய லாரிகள் மேட்டுப்பாளையம் நோக்கி உறுமிக்கொண்டு இறங்கும் சத்தத்துக்கு நடுவேதான் இதை எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தின் பிரேக் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கியர்பாக்ஸைப் பாருங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உள்ளே போகும் காற்று அடைபட்டு, வண்டியை அது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த அடைப்பு கிடையாது; காலை எடுத்தாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். எக்ஸாஸ்ட் பிரேக், புகை வெளியேறும் குழாயை ஒரு வால்வால் மூடுகிறது. வெளியேற வழியில்லாத அழுத்தத்தைப் பிஸ்டன்கள் எதிர்த்துத் தள்ளித் திணறுகின்றன. அந்தத் திணறல்தான் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய் நிறைந்த இணைப்பு இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கிளட்ச் பிடித்து இரு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டுவதுதான் லாக்அப். லாக்அப் ஆகாதவரை அங்கே சக்தியைக் கடத்துவது வெறும் எண்ணெய். உங்கள் பிக்கப்பின் காலத்து வண்டிகளில் காலை எடுத்ததும் லாக்அப் விட்டுவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரேக்கானாலும் பாதி வேலைகூடச் செய்யாது. ஆகவே லாக்அப்பைப் பிடித்து வைக்கும் கன்ட்ரோலரையும் சேர்த்தே வாங்குங்கள். கன்வெர்ட்டரின் கிளட்ச் தேய்ந்திருந்தால் பணத்தை முதலில் அதில் போடுங்கள். மேனுவல் கியராக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இனி நிறுவனம். பேக்பிரேக், பிடி டீசல், பேங்க்ஸ் மூன்றும் நல்ல பெயர் எடுத்தவை. துளை அளவு மாறாத வால்வு, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் முழு அழுத்தம் தரும். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வால்வு குறைந்த சுற்றிலும் பிடிக்கும். விலை கூடினாலும் டிரெய்லருக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. மாட்டுவதற்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பு) விரிசலோ, இணைப்பில் கரிக்கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தால் அழுத்தம் ஏறாது. (2007 நடுவில் ராமில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் டர்போவே இந்த வேலையைச் செய்கிறது, ஒரு பொத்தானோடு. வாங்கும் முன் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.)

உங்கள் கொலராடோ மலைச்சாலையில் இருக்கும் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். நம் தொட்டபெட்டாவையே குனிந்து பார்க்கும் உயரம். அங்கிருந்து சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்கும் சரிவு 7 சதவீதம் வரை போகிறது. நம் நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு இந்தச் சரிவு புதிதல்ல. ஆனால் அங்கே சாலை அகலம், நேர். வேகம் ஏறுவதே தெரியாது. ஏறும் கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் டிரைவர்கள் சொல்வது அங்கேயும் செல்லும். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு இன்ஜின் சுற்று வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே அது சோம்பிவிடும். சுற்றைக் காட்டும் மீட்டரின் சிவப்புக் கோட்டை மட்டும் தாண்ட விடாதீர்கள்.

சில ஊர்களின் எல்லையில் இன்ஜின் பிரேக் கூடாது என்ற பலகை இருக்கும். அது பெரிய லாரிகளின் ஜேக் பிரேக் (இன்ஜின் உள்ளே அழுத்திய காற்றைச் சட்டென்று வெளியே விட்டு வேகத்தைக் குறைப்பது) போடும் வெடிச்சத்தத்துக்காக வைத்தது. உங்களுடையது வேறு வகை, சைலன்சர் நன்றாக இருந்தால் பக்கத்து வண்டிக்குக்கூடக் கேட்காது.

பனி உறைந்த சாலையில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிடி முழுவதும் பின்சக்கரத்தில் விழுவதால் வண்டி வழுக்கி, டிரெய்லர் பக்கவாட்டில் முந்திக்கொண்டு வரும். டிரெய்லருக்கென்று தனி மின்பிரேக்கும், அதற்கான கன்ட்ரோலர் டிரைவர் கைக்கு எட்டும் இடத்திலும் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் அதற்கு மாற்று அல்ல. கன்வெர்ட்டரை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள். அதன் பிறகு வால்வு வாங்கலாம்.