ஈதன் பெக்கரின் கைப்பிடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனமான காட்டுக்கத்திகளைப் பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஈதன் பெக்கர் வடிவமைத்த பிகே2 கத்தியை வாங்கிப் பயன்படுத்திவருகிறேன். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த நண்பர்கள் இதைக் கத்தி என்றே ஒப்புக்கொள்வதில்லை. கூர் வைத்த கடப்பாரை என்கிறார்கள். 1095 பழைய காலத்து எஃகு, பிளாஸ்டிக் கைப்பிடி, மேலே கறுப்புப் பூச்சு, இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கமிலஸ் நிறுவனம் செய்த பழைய பெக்கர்கள்தான் நல்லவை என்றும் ஒருவர் சொன்னார். லவ்லெஸ்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் பெக்கரின் பெயரைக்கூடச் சொல்வதில்லையே, ஏன்?

இன்னொன்று. அரைமணி நேரம் கிளை வெட்டினால் கையில் கொப்புளம் வருகிறது. விரல்களுக்குப் பள்ளம் வைத்த மைகார்ட்டா (பிசினில் ஊறவைத்து இறுக்கிய துணித்தகடு) கைப்பிடி ஒன்றைச் செய்து மாட்டலாம் என்றிருக்கிறேன். அல்லது இதை விற்றுவிட்டு பெக்கரின் நீளமான பிகே9 வாங்கிவிடலாமா? பூச்சை உரித்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

ஒரு வெட்டும் கருவியை எடைபோடும்போது நாம் ஏன் அதன் இரும்புப் பாதியை மட்டுமே பார்க்கிறோம், கை படும் பாதியைப் பற்றி ஏன் யாரும் இரண்டு வரிகூட எழுதுவதில்லை என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அங்கேயே வந்து தொட்டது. உங்களுக்கு அந்தக் கத்தி பிடித்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் விரல் பள்ளம் வைத்த கைப்பிடி மாட்டப்போவதாகச் சொன்ன இடத்தில் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லவ்லெஸ் தன் பட்டறையில் தன் கையால் கத்தி செய்தவர். நுனி சற்றே கீழே சரியும் அலகை வேட்டைக்கத்திகளில் பரவலாக்கியவர். அவர் செய்தவை எண்ணிக்கையில் குறைவு, சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். பெக்கர் வரைந்தார், தொழிற்சாலை செய்தது. ஆயிரக்கணக்கில் வந்தது, சாதாரண விலைக்கு விற்றது. நம் ரசனை அரிதானதைக் கண்டால் குனிகிறது, எல்லோருக்கும் கிடைப்பதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெக்கருக்கு உரிய மதிப்பு கிடைக்காததற்குப் பெரிய காரணம் இதுதான்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் உங்கள் நண்பர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பெக்கரின் பாட்டி இர்மா ராம்பாவர் 1931இல் சொந்தப் பணத்தில் அச்சிட்ட சமையல் நூல் 'ஜாய் ஆஃப் குக்கிங்'. தாய் மேரியன் அதைத் தொடர்ந்தார். பிந்தைய பதிப்புகளில் ஈதனின் பெயரும் உண்டு. சமையலறைக் கத்தியை நாளெல்லாம் பிடிக்கும் மரபில் வந்த மனிதர் அவர். 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிகே2வில்கூட, முதுகுக்குச் சற்றுக் கீழே தொடங்கி கூர் வரைக்கும் ஒரே சீராகச் சரியும் தட்டைச் சாய்வைத்தான் வைத்திருக்கிறார். கடப்பாரை வேண்டுமென்று நினைத்தவர் பாதி உயரம்வரை தடிமனை அப்படியே விட்டிருப்பார்.

எஃகைப் பற்றிய பேச்சில் எனக்கு ஆர்வம் இல்லை. 1095 குரோவான் என்பது ஏறக்குறைய ஒரு சதவீதம் கரிமம் கொண்ட எஃகில் சிறிதளவு குரோமியமும் வனேடியமும் சேர்த்தது. 56 முதல் 58 ராக்வெல் கடினத்துக்குப் பதம் வைக்கிறார்கள். துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் போட வேண்டும். அடி தாங்கும், சாதாரணச் சாணைக்கல்லில் கூர் ஏறும். கிளை வெட்டும் கத்திக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கமிலஸ் காலத்துப் பெக்கர்கள் உயர்ந்தவை என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். கமிலஸ் 2007இல் மூடப்பட்டது, பிறகு கேபார் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. இரண்டும் நல்ல வேலைதான். பழையதைச் சேகரிக்கிறவர் சேகரிக்கட்டும்.

இப்போது கைப்பிடி.

பிகே2வைக் கையில் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தடவிப் பாருங்கள். அலகை ஒட்டிய இடத்தில், ஆள்காட்டிவிரல் சுற்றும் இடத்தில், ஒடுங்கியிருக்கிறது. நடுவில் புடைத்து உள்ளங்கையின் குழியை நிரப்புகிறது. மறுபடி ஒடுங்கி, கடைசியில் சுண்டுவிரலுக்குக் கீழே பறவையின் மூக்குபோல வளைந்து முடிகிறது. எங்கும் கூரான முனை இல்லை, எந்த விரலுக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. இதுதான் வடிவமைப்பு. உங்கள் நண்பர்கள் தேடியது அவர்கள் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது.

விரல் பள்ளம் ஏன் கூடாது? வெட்டும்போது கை ஒரே இடத்தில் இருப்பதில்லை. செதுக்கும்போது அலகை ஒட்டிப் பிடிக்கிறோம். வீசி வெட்டும்போது பின்னால் தள்ளி, சுண்டுவிரல் அந்த வளைவில் மாட்டும்படி பிடிக்கிறோம். கத்தியைத் தலைகீழாகத் திருப்பி நம்மை நோக்கி இழுத்துச் செதுக்கும் வேலையும் உண்டு. பள்ளம் வைத்த கைப்பிடி இதில் ஒரே ஒரு பிடிக்குத்தான் பொருந்தும். மற்ற பிடிகளில் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடு நேராக விரல் எலும்பில் உட்காரும். ஒவ்வொரு அடியும் அந்த மேட்டின் வழியாகத்தான் கைக்குள் போகும். கொப்புளத்தைக் குறைக்க நீங்கள் செலவழிக்கப்போகும் பணம் கொப்புளத்தைக் கூட்டும். கையுறை போட்டால் பள்ளங்கள் விரல்களோடு ஒத்தே போகாது. கடையில் எடுத்துப் பார்க்கும்போது மட்டும் அருமையாக இருக்கும் சங்கதி அது. நன்றாக இருக்கும் கைப்பிடியைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொப்புளம் கையில் எங்கே வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள தசையில் வந்தால், கைப்பிடிக்குள் ஓடும் இரும்பும் அதன் இருபுறமும் திருகி மாட்டிய பக்கத்துண்டுகளும் சேரும் விளிம்பு சமமாக இல்லை. நகத்தால் குறுக்கே வருடினால் தட்டும். துண்டு உயர்ந்திருந்தால் 120 உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி ஈரமாகத் தேய்த்து, 220இல் முடியுங்கள். அது கண்ணாடி இழை கலந்த நைலான். உலர்வாகத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். இரும்பு உயர்ந்திருந்தால் மெல்லிய அரத்தால் அதன் ஓரத்தை மட்டும் உடைத்துவிட்டால் போதும்.

விரல்களின் அடியில் வரிசையாக வந்தால், கைப்பிடி கைக்குள் வழுக்குகிறது. கேபாரின் வழவழப்பான துண்டுகள் வியர்வையில் வழுக்கும் என்பது உண்மை, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சைக்கிள் டியூபில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி நடுப்பகுதியில் இழுத்து மாட்டுங்கள். மைகார்ட்டாதான் வேண்டுமென்றால் பெக்கரின் அதே வளைவில் செய்த துண்டுகள் கிடைக்கின்றன. பிகே2, பிகே7, பிகே9 மூன்றுக்கும் கைப்பிடி ஒன்றே, துண்டுகளை மாற்றி மாட்டலாம். மாட்டும்போது திருகுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துண்டு ஒருபக்கம் தூக்கும். மரையில் நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் பிறகு சூடுகாட்டாமல் கழற்ற முடியாது, அந்தச் சூட்டில் பக்கத்துண்டு கெடும்.

சுண்டுவிரலின் அடியில் மட்டும் வந்தால், மன்னிக்கவும், குறை கத்தியில் இல்லை. இறுக்கிப் பிடிக்கிறீர்கள். அந்தப் பின்வளைவு இருப்பதே இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதற்காக. ஓங்கும்போது கட்டைவிரலும் முதல் இரண்டு விரல்களும் மட்டும் பிடித்திருக்க வேண்டும், கடைசி இரண்டும் தளர்வாக இருக்கட்டும். அலகு மரத்தைத் தொடுவதற்குச் சற்று முன் அவற்றை மூடுங்கள். கத்தியின் பின்புறம் கைக்குள் வர, நுனி முன்னால் பாயும். வேகம் தோளிலிருந்து வருவதில்லை, இந்த மூடலில் வருகிறது. வளைவு சுண்டுவிரலில் தட்டி நிற்பதால் கத்தி பறக்காது. நேர்க்கோடாக முடியும் கைப்பிடியில் இதைச் செய்ய முடியாது, பயத்தில் கை தானாக இறுகும், முன்கை களைக்கும், களைத்த கைதான் வழுக்கும். பாதுகாப்புக்குக் கயிறு கட்டினால் மணிக்கட்டில் மாட்டாதீர்கள். தவறிய கத்தி கயிற்றில் ஊசலாடித் திரும்பி உங்கள் கையையே வெட்டும். கட்டைவிரலில் மாட்டிப் புறங்கையைச் சுற்றி வரட்டும்.

பிகே9 கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பிகே2வின் அலகு 13.3 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 450 கிராம். பிகே9இன் அலகு 22.9 சென்டிமீட்டர், தடிமன் 4.8 மில்லிமீட்டர், எடையில் அதைவிட ஒரு சிறிய அளவே கூடுதல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனம் என்றால் நம்புவது கடினமாக இருக்கும். ஆனால் வெட்டில் பிகே9இன் பக்கத்தில் பிகே2 நிற்க முடியாது. பிகே2வில் கனம் கைக்கு அருகே குவிந்திருக்கிறது, பிகே9இல் வெகுதூரம் முன்னால் போயிருக்கிறது. தூரம் கூடினால் நுனியின் வேகம் கூடும், அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரே கைப்பிடியை வைத்துக்கொண்டு இரண்டு வேறு கருவிகளை ஒருவர் உண்டாக்கியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எந்தக் கத்தியிலும் அதிராமல் வெட்டும் இடம் ஒன்று உண்டு. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முதுகில் நுனியிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கைக்கு அதிர்வே வராது. அந்த இடம் மரத்தில் விழும்படி வெட்டினால் கை நோகாது. பிகே2வால் மணிக்கட்டைவிடத் தடித்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தால் பிகே9 வாங்குங்கள். பிளப்பதும் செதுக்குவதும்தான் பெரும்பகுதி என்றால் இதை விற்காதீர்கள்.

அலகைக் கட்டையின் மேல் வைத்து முதுகில் அடித்துப் பிளக்கும்போது கட்டையின் குறுக்களவு அலகின் நீளத்தைவிட நான்கைந்து சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும், அடிப்பதற்கு நுனி வெளியே தெரிய வேண்டும். பிகே2வுக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் கட்டை, அவ்வளவுதான். மரத்தடியால் அடியுங்கள், சுத்தியல் வேண்டாம். அலகு தரைக்கு இணையாக இறங்கட்டும். சாய்ந்து இறங்கினால் பக்கவாட்டில் முறுக்கு விழும், கணு குறுக்கே இருந்தால் அந்த இடத்தில் கூர் மடங்கும். கட்டையை இன்னொரு கட்டையின் மேல் வையுங்கள், கல்லின் மேல் அல்ல.

கூரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கடப்பாரை என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை அங்கேதான் இருக்கிறது. கூருக்கு நேர் மேலே இரும்பு தடிப்பாக விடப்பட்டிருக்கிறது, பக்கத்துக்கு 20 பாகைக் கோணத்தில் கூர். 220 கல்லில் 15 பாகையில் வைத்து அந்தத் தோள்பட்டையைத் தேய்த்து எடுங்கள். விளிம்பை நெருங்கியதும் நிறுத்தி, 1000 கல்லில் 20 பாகையில் நாலைந்து இழுப்பு, பிசிரைத் தோல்பட்டையில் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையில் கத்தி வேறொன்றாகிவிடும். சுழலும் பட்டையில் தேய்ப்பதானால் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் ஓடினால் அங்கே பதம் போயிற்று, அந்த அளவு இரும்பைத் தேய்த்துத் தள்ளினால்தான் மீளும். வேலை செய்தபின் விளிம்பு மடங்கினால் கோணத்தை ஒன்றிரண்டு பாகை கூட்டுங்கள். பல் விழுந்தால் முதலில் எதில் அடித்தீர்கள் என்று பாருங்கள்.

தடிமன்தான் பெக்கரின் கொள்கை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நூறாண்டுக்கு முன் அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைகளில் வாழ்ந்த ஹோரஸ் கெப்ஹார்ட், காட்டுக்கு மெல்லிய சிறு கத்தியே போதும், கையைக் கொப்புளமாக்காத பிடி வேண்டும் என்று வாதிட்டவர். அவர் வடிவத்தில் செய்த பழைய கத்தி ஒன்று பெக்கரிடம் இருந்தது. அதை முன்வைத்துத்தான் பிகே62 வந்தது. மெல்லிய அலகு, எளிய முட்டைவடிவப் பிடி. பிகே2வையும் பிகே62வையும் ஒரே மனிதர் கொடுத்திருக்கிறார் என்றால் அவர் அக்கறை தடிமனில் இல்லை, கையில்.

பூச்சை உரிப்பது உங்கள் விருப்பம். மரத்தில் உராய்வு குறையும், முதுகின் விளிம்பு தீமூட்டும் கம்பியில் உரசிப் பொறி தட்டப் பயன்படும். பெயின்ட் நீக்கும் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, பொங்கி எழுந்ததும் சுரண்டினால் வந்துவிடும். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். அடியில் இரும்பு சொரசொரப்பாகத்தான் இருக்கும், ஏமாறாதீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்து, வெதுவெதுப்பான வினிகரில் அரைமணி நேரம் வைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, எண்ணெய் பூசினால் சாம்பல்நிறப் படலம் ஏறும், துரு ஓரளவு தள்ளி நிற்கும். ஆனால் துண்டுகளுக்கு உள்ளே இருக்கும் இரும்பில் பூச்சை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே ஈரம் தங்கும், துரு ஏறினாலும் வெளியே தெரியாது. ஏற்கெனவே உரித்திருந்தால் மெழுகு தடவி மாட்டுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.