கரண்ட் இல்லாத இரவில் ஒலிக்காத அலாரம்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியாருக்குத் தைராய்டு மாத்திரையை விடியற்காலை 5.30 மணிக்கு வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அதற்காக ஃபோனிலுள்ள காலண்டர் செயலியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். சில நாள் சரியாக அடிக்கிறது. சில நாள் சத்தமே இல்லை, 6.10 மணிக்கு நான் எழுந்து ஃபோனைக் கையில் எடுத்ததும் அப்போதுதான் அடிக்கிறது. செயலியை நீக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. ஃபோனையே மாற்ற வேண்டுமா?
– வாசகி, தாம்வே, ரங்கூன்.

பதில்: ஃபோனை மாற்ற வேண்டாம், அம்மா. கையில் எடுத்ததும் அடிக்கிறது என்று எழுதினீர்களே, நோயின் பெயர் அந்த வரியிலேயே இருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் இரண்டே விவரங்களைக் குறித்து வாருங்கள்: அன்று அலாரம் எத்தனை மணிக்கு அடித்தது, முந்தின இரவு கரண்ட் இருந்ததா இல்லையா. கரண்ட் இருந்து ஃபோன் சார்ஜரில் கிடந்த இரவுகளுக்கு மறுநாள் சரியாக அடித்திருக்கும் என்றும், கரண்ட் போன இரவுகளுக்கு மறுநாள் தாமதித்திருக்கும் என்றும் எதிர்பார்க்கிறேன்.

காரணம் இதுதான். 2015ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து, சார்ஜரில் சொருகாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் ஃபோன் சற்று நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த உறக்கத்தில் செயலிகள் கேட்டுவைத்த சாதாரண நினைவூட்டல்களை ஃபோன் உடனே எழுப்புவதில்லை. இடையிடையே தான் விழித்துக்கொள்ளும் நேரத்தில் மொத்தமாக அவிழ்த்துவிடுகிறது, அல்லது நீங்கள் ஃபோனை எடுக்கும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. சார்ஜரில் இருக்கும் ஃபோனுக்கு இந்த உறக்கம் கிடையாது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் எல்லோரும் பேட்டரி சேமிப்பை இரவும் பகலும் போட்டே வைத்திருக்கிறோம். அதுவும் சேர்ந்து செயலிகளின் கையைக் கட்டிவிடுகிறது.

ஆகவே முதலில் ஃபோனின் அமைப்புகளுக்குள் சென்று, செயலிகளின் பட்டியலில் உங்கள் காலண்டரைத் தேடி, அதன் பேட்டரிப் பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்ற அனுமதி இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக ஏற்றப்படும் பல செயலிகளுக்கு இந்த அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. செயலியை நீக்கி மறுபடி ஏற்றினீர்கள் அல்லவா, அந்த வைத்தியத்தில் முன்பு கொடுத்திருந்த அனுமதிகளும் சேர்ந்து போயிருக்கும். நம் கடைகளில் அதிகம் விற்கும் சீன ஃபோன்கள் பலவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒரு பொத்தானும் உண்டு. அது அணைந்திருந்தால், பேட்டரி தீர்ந்து ஃபோன் அணைந்து மறுபடி உயிர் பெறும்போது காலண்டர் தன் நினைவூட்டல்களைத் திரும்பப் பதிவு செய்யாது. அப்படி அணைந்து எழுந்த ஃபோனை ஒரு தடவையாவது கடவுச்சொல் போட்டுத் திறந்துவிட்டுப் படுங்கள். திறக்கும்வரை பெரும்பாலான செயலிகள் வேலையைத் தொடங்குவதே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு, சார்ஜரைக் கழற்றி, இரண்டு மணி நேரம் கழித்து அடிக்கும்படி ஒரு நினைவூட்டலை வைத்து, ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அடிக்கும்படி வைத்துச் சோதிப்பவர்களே அதிகம். ஐந்து நிமிடத்தில் ஃபோன் உறங்கியிருக்காது. அந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். மாத்திரையைக் காலண்டரிடம் ஒப்படைக்காதீர்கள். ஃபோனோடு வரும் கடிகாரச் செயலியின் அலாரத்துக்கு உறக்கத்தைக் கலைக்கும் தனி உரிமை உண்டு. அதன் ஒலி அளவும் தனி. காலண்டரின் நினைவூட்டல் வெறும் அறிவிப்பு. குறுஞ்செய்தி வந்தது போல ஒரு முறை 'டிங்' என்றுவிட்டு அடங்கிவிடும், அறிவிப்பு ஒலியைக் குறைத்திருந்தால் அதுவும் கேட்காது. நேரம் தவறக்கூடாத மாத்திரைக்குக் கடிகாரம், கல்யாண வீட்டுக்கும் கூட்டத்துக்கும் காலண்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிறருக்குச் சொல்லும் நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஃபோனைச் சுத்தம் செய்கிறேன் என்று வந்த ஒரு செயலியை நம்பி ஏற்றினேன். அது பின்னணியில் இருந்தவற்றையெல்லாம் வலுக்கட்டாயமாக நிறுத்தியதில் காலண்டரும் நின்றுபோயிற்று. அப்படி நிறுத்தப்பட்ட செயலியின் நினைவூட்டல்கள் அத்தனையும் ரத்தாகிவிடும். அதை நாமே திறக்கும்வரை திரும்ப வாரா. நண்பர் வீட்டுக் கிருஹப்பிரவேசத்துக்குக் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு போய் நின்றேன்.

கேள்வி: கடை வாடகை கொடுக்க ஒவ்வொரு மாதமும் 31ஆம் தேதி என்று நினைவூட்டல் வைத்தேன். ஏப்ரலில் அது வரவேயில்லை. ஏன்?
– வாசகர், மோல்மீன்.

பதில்: ஏப்ரலில் 31ஆம் தேதி இல்லை, அதனால் வரவில்லை. மாதக் கடைசி என்று நாம் மனத்தில் நினைப்பது காலண்டருக்குத் தெரியாது. இல்லாத தேதியை அது தாண்டிப் போய்விடும். 28ஆம் தேதிக்கு மாற்றிவிடுங்கள், பிப்ரவரியும் அடங்கிவிடும்.

கேள்வி: தாய்லாந்தில் வேலை பார்க்கும் தம்பி வாங்கி வந்த ஃபோன் அரை மணி நேரம் முன்னால் காட்டியது. கையால் திருத்திச் சரியாக வைத்தேன். நானே எழுதி வைக்கும் நினைவூட்டல்கள் சரியாக அடிக்கின்றன. ஆனால் கோயில் கமிட்டியார் காலண்டர் வழியாக அனுப்பும் கூட்ட அழைப்பு மட்டும் பத்து மணிக்குப் பதில் பத்தரை என்று காட்டுகிறது. இரண்டு கூட்டத்துக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினேன்.
– வாசகர், பெகு.

பதில்: கமிட்டியார் மேலும் தவறில்லை, செயலி மேலும் தவறில்லை. நீங்கள் முள்ளைத் திருப்பினீர்கள், ஊரை மாற்றவில்லை. ஃபோன் இன்னும் தன்னை பாங்காக்கில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 7 மணி முன்னால். நம் மியன்மார் நேரம் ஆறரை மணி முன்னால். கமிட்டியாரின் ஃபோன் காலை 10 மணிக் கூட்டத்தை உலகப் பொது நேரத்தில் 3.30 என்று குறித்து அனுப்புகிறது. உங்கள் ஃபோன் அதனுடன் 7 மணியைக் கூட்டிப் பத்தரை என்கிறது. நீங்களே எழுதுபவை உங்கள் ஃபோனைவிட்டு வெளியே போவதில்லை என்பதால் இந்தக் கணக்கு வெளிப்படவில்லை.

அமைப்புகளில் தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், முதலில் நேர மண்டலத்தை யாங்கூன் என்று மாற்றுங்கள். பழைய ஃபோன்களில் ரங்கூன் என்றே இருக்கும். உலக நேர மண்டலப் பட்டியலில் 2016இல்தான் பெயரை மாற்றினார்கள். அதன் பிறகு 'ஆட்டோமேட்டிக்' நேரத்தைப் போட்டுவிடுங்கள். இதில் ஒரு பின்வினை உண்டு. இதுவரை நீங்கள் எழுதி வைத்தவையெல்லாம் பாங்காக் நேரமாகப் பதிவானவை. மண்டலத்தை மாற்றியதும் அவை அரை மணி முன்னதாகத் தள்ளி நிற்கும், பத்து மணி ஒன்பதரை ஆகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும், வேறு வழியில்லை. அரை மணிக் கணக்கு சங்கடம்தான், ஆனால் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் இந்த நாட்டுக் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்தில், இரண்டரை மணி முன்னால் ஓடின. அதற்கு இது தேவலை.

கேள்வி: பஞ்சாங்கச் செயலி வெள்ளிக்கிழமை ராகுகாலம் 11.30க்குத் தொடங்குவதாக அலாரம் அடிக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பத்தரை என்கிறார்கள். எது சரி?
– வாசகி, சிரியம்.

பதில்: பெரியவர்களே சரி. செயலியில் ஊர் சென்னை என்று இருக்கும், ஃபோனின் நேர மண்டலமோ யாங்கூன். சென்னையின் பத்தரை நமக்கு பதினொன்றரை என்று செயலி நேர்மையாக ஒரு மணியைக் கூட்டிவிட்டது. ஆனால் ராகுகாலம் சூரியனைப் பின்பற்றுவது. அந்தந்த ஊரின் பகலை எட்டாகப் பிரித்து வருவது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையில், ரங்கூன் 96இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் இங்கே 64 நிமிடம் முந்தி வருகிறது; நம் கடிகாரமும் இந்தியக் கடிகாரத்தைவிட 60 நிமிடம் முந்தியிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று தட்டிக் கழித்துவிடுவதால், சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தின் ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் அப்படியே இங்கே பார்க்கலாம். அட்சரேகையும் பருவமும் சில நிமிடம் கூட்டும் குறைக்கும், அவ்வளவே.

திதியும் நட்சத்திரமும் அப்படியல்ல. அமாவாசை முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. சென்னைப் பஞ்சாங்கம் மாலை 4.10க்கு அமாவாசை முடிகிறது என்றால் இங்கே அது 5.10. ஆக, ஒரே தாளில் ஒரு வரிக்கு ஒரு மணியைக் கூட்ட வேண்டும், அடுத்த வரிக்குக் கூட்டக்கூடாது. தர்ப்பணத்துக்கு நேரம் குறிப்பவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

செயலியின் அமைப்பில் ஊரைச் சென்னையிலிருந்து யாங்கூனுக்கு மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும். பட்டியலில் இந்திய ஊர்கள் மட்டுமே உள்ள செயலியானால், ராகுகால அலாரத்தை அணைத்துவிட்டுத் திதியின் நினைவூட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ராகுகாலத்துக்கு வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.