டீச்சரைக் கேளுங்க: கரும்புக்கு 112, நமக்கு 46

போன மாதம் இந்தப் பத்தியில், ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மஞ்சப்பை நிறைய. மரபணுவிலேயே இந்த மாதம் முடிந்துவிடும் போலிருக்கிறது. வழக்கம்போல ஊர் மட்டும் போடுகிறேன், பேர் போடவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் போன வருசம்தான் மாடு வாங்கினேன். பசு நல்ல மயிலை. சினை ஊசியும் காங்கேயம் காளையோடதுன்னுதான் போட்டாங்க. இப்போ பிறந்த கன்னு செவலையா இருக்குது. ஊசி மாறிப் போச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார். சண்டைக்குப் போகலாமுங்களா? – ஊதியூர்

போகாதீங்க. ஆறு மாதம் பொறுங்க. காங்கேயம் கன்று செவலையாகத்தான் விழும். வளர வளர மயிலை ஏறும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. புதுசாக மாடு வாங்கினவரைச் சீண்டிப் பார்க்கிறார்.

மயிருக்கு நிறம் கொடுக்கும் செல்கள் இரண்டு வகைச் சாயம் காய்ச்சும். ஒன்று கருப்பு, இன்னொன்று செம்மஞ்சள். கன்றில் செம்மஞ்சள் அடுப்பு எரிகிறது. சில மாதத்தில் அது அணைந்துவிட, வெள்ளையோடு கொஞ்சம் கருப்பு மட்டும் நிற்கும். அதுதான் மயிலை. இத்தனைக்கும் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறந்த அன்று இருந்ததுதான் கிழடாகும்போதும் இருக்கும். எது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதில்தான் விளையாட்டெல்லாம்.

உங்கள் ஊரில் பொலிக்கு விடும் பூச்சிக் காளையைப் பாருங்கள். திமிலும் கழுத்தும் தொடையும் கருகருவென்று இருக்கும். அதே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பியைக் காயடித்து வண்டியில் பூட்டினால் அந்தக் கருமை ஏறாது, வெளிர் மயிலையாகவே நிற்கும். காயடிக்கிற இடுக்கி மரபணுவைத் தொடவே இல்லை. ஆண் ஹார்மோன் நின்றது, அதைக் கேட்டு வேலை செய்த மரபணுக்களும் ஓய்ந்தன.

ஒரு வருசம் ஆகியும் செவலையாகவே நின்றால் அப்போது எழுதுங்கள். காங்கேயத்தில் செவலையும் உண்டு, காரியும் உண்டு. நிறத்தை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது. வால் மயிரை வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் டி.என்.ஏ. பார்த்துச் சொல்லும் ஆய்வகங்கள் இருக்கின்றன. மயிர் முக்கியமில்லை, வேர்தான் முக்கியம்.

மரபணு, ஜீனோம் இரண்டும் ஒன்றா? – பத்தாம் வகுப்பு மாணவன், சென்னிமலை

கண்ணு, பெட்ஷீட் தறி ஓடும் ஊரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறாயே. தறி மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் கோத்துத் தொங்குகிறதல்லவா? ஒரு பூவுக்கு உண்டான அட்டைக் கோவை ஒரு மரபணு. பட்டறையில் இருக்கும் அத்தனை அட்டையும் சேர்ந்தது ஜீனோம்.

மனிதப் பட்டறையில் சுமார் 300 கோடி டி.என்.ஏ. எழுத்து. புரதம் செய்யச் சொல்லும் மரபணு ஏறக்குறைய 20,000. நூற்றுக்கு இரண்டு பங்கு எழுத்துகூட நேரடியாகப் புரதம் ஆவதில்லை. மிச்சம் என்ன செய்கிறது? திறக்கிற மூடுகிற சாவிகள் கொஞ்சம், ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வருவது ஏராளம். 1990இல் படிக்கத் தொடங்கி 2003இல் முடிந்தது என்றார்கள். உண்மையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு படிக்கப்படாமல் கிடந்தது. அது 2022இல்தான் தீர்ந்தது. அரசுக் கட்டடத் திறப்பு விழா மாதிரிதான்.

கரும்புக்கு மனுசனைவிட ரெண்டு மடங்குக்கு மேலே குரோமோசோம் இருக்குதுன்னு காலேஜ் போற எம்பட பையன் சொல்றான். நெசமுங்களா? அப்போ கரும்பு நம்மளவிடப் புத்திசாலியா? – கவுந்தப்பாடி

புத்தி பற்றித் தெரியாதுங்க. குரோமோசோம் என்பது செல்லுக்குள் டி.என்.ஏ. நூல் சுற்றிய கட்டு. அதன் எண்ணிக்கை நெசம். என் கட்டைவிரலே சாட்சி.

நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். அப்பா கரும்பு ஆட்டி நாட்டுச் சக்கரை மூட்டை போட்டவர். கோயமுத்தூரில் எம்.எஸ்சி. படிக்கும்போது எனக்கு வந்த புராஜெக்ட், கரும்பு வேரில் குரோமோசோம் எண்ணுவது. விடுமுறைக்கு வந்து சொன்னேன். “கரும்பு எண்றதுன்னா நம்ம காட்டுலயே எண்ணியிருக்கலாமே கண்ணு, இதுக்கா பீஸ் கட்டுனேன்” என்றார்.

ஒரு பருக் கரணையை மணல் தொட்டியில் ஊன்றி வைப்போம். வெள்ளை வேர் வந்ததும் காலை நேரத்தில் நுனியை மட்டும் அரிசி அளவுக்கு நறுக்க வேண்டும். செல்கள் பிரிவது நுனியில்தான். பிரியும்போதுதான் குரோமோசோம் சுருண்டு தடித்துக் கண்ணுக்குத் தெரியும். ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்ததில் ஊற வைத்து, 60 டிகிரிச் சூட்டில் அமிலத்தில் சில நிமிடம் காட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைப்போம். அதன் மேல் கவர்சிலிப், அதன் மேல் மை ஒற்றும் தாள், அதன் மேல் கட்டைவிரல். நேர் கீழே ஒரே அமுக்கு. விரல் ஒரு நூல் திருகினாலும் குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பிழிந்த முறுக்கு மாதிரி கிடக்கும். முதல் இரண்டு வாரம் நான் பிழிந்ததெல்லாம் முறுக்குதான். பிறகு ஒரு நாள் 109 வந்தது, மறுநாள் 114. பேராசிரியர் தலையைக்கூடத் தூக்காமல் “போய் மறுபடி எண்ணு” என்பார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி தாளில் ஒவ்வொன்றாக வரைந்து, வரைந்ததை அடித்து அடித்து எண்ணி, மூன்று செல்லில் அடுத்தடுத்து 112 வந்த அன்று விடுதியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

112 எங்கிருந்து வந்தது என்பது இன்னும் ருசியான கதை. வெள்ளைக்காரன் காலத்தில் வட இந்தியாவில் ஓடியது குச்சி குச்சியான கரும்பு. அதை மாற்ற 1912இல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. ஏன் கோயமுத்தூர்? இங்கேதான் கரும்பு ஒழுங்காகப் பூக்கும், விதையும் பிடிக்கும். பார்பர் என்ற துரையும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கட்ராமனும், மெல்லுகிற ‘வெள்ளை’க் கரும்போடு நம் ஊர்ப் பள்ளத்து ஓரம் கிடக்கும் நாணல் இனத்தைக் கலந்தார்கள். நாணலில் ஏது சக்கரை? ஆனால் வறட்சியும் குளிரும் தாங்கும். அந்தக் கலப்பில் வந்ததுதான் கோ 205, 1918இல் வெளியானது. கோ என்றால் கோயமுத்தூர். பஞ்சாப் விவசாயி வாயிலும் நம் ஊர் முதலெழுத்துதான்.

வெள்ளைக்கு 80 குரோமோசோம், கோயமுத்தூர் நாணலுக்கு 64. ஆளுக்குப் பாதி கொடுத்தால் 40ம் 32ம், 72தானே வர வேண்டும்? கோ 205இல் வந்தது 112. தாய்க் கரும்பு பாதி கொடுக்காமல் தன் 80ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது. நாணல் மட்டும் ஒழுங்காக 32 கொடுத்தது. இப்படிக் கணக்கு மீறும் தாய் இருப்பது கரும்பு ஆராய்ச்சிக்குப் பெரிய பாக்கியம். கலப்பில் சக்கரை குறையாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நிலையத்தில் 1930களில் இருந்தவர் தலச்சேரிக்காரர், தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பயிர் எடுத்துக் காட்டியவர். ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை எல்லாம் தொகுத்து 1945இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். என் மேசையில் சாமி படம் வைத்ததில்லை, அந்த அம்மா படம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மனுசனுக்கு 48 என்றுதான் 1923 முதல் முப்பது வருசத்துக்கு மேல் உலகமே நம்பியது. 46 என்று சரியாக எண்ணிச் சொன்னது 1956இல். எண்ணுவது அவ்வளவு லேசு இல்லை, பேராசிரியர் மேல் இப்போது கோபம் இல்லை.

எண்ணுவதற்கே இந்தப் பாடு என்றால் படிப்பது? டி.என்.ஏ.வை முழு நூலாகப் படிக்க முடியாது. துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் படித்து, ஒன்றின் வாலும் அடுத்ததின் தலையும் பொருந்தும் இடம் பார்த்து ஒட்டுவார்கள். நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. கரும்பில் எட்டு, பத்து, அதற்கும் மேல். ஒரே கல்யாணப் பத்திரிகையின் பத்துப் பிரதி, ஒவ்வொன்றிலும் நாலு எழுத்து மட்டும் வேறு. எல்லாவற்றையும் கிழித்துக் கலந்து கொடுத்து ஒட்டச் சொன்னால்? அதனால்தான் நெல்லும் வாழையும் எப்போதோ படித்து முடிந்தும் கரும்பு காத்திருந்தது. ரீயூனியன் தீவின் ஆர் 570 என்ற ரகத்தின் ஜீனோமை, பிரதிகளைப் பிரித்து அடுக்கி 2024இல் வெளியிட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,000 கோடி எழுத்து. துரு நோயைத் தடுக்கும் சக்தி அந்த ரகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதில் பிடிபட்டது. உங்கள் காட்டுக்கு அது வந்து சேர இன்னும் நாளாகும். ஆனால் ஆயிரக்கணக்கான நாற்றை நட்டு, நோய் வரும்வரை காத்திருந்து கழிக்கிற வேலை குறையும். நாற்றிலேயே இலையைக் கிள்ளிப் பார்த்துவிடலாம்.

பையனிடம் சொல்லுங்கள்: எண்ணிக்கை கூடினால் உசத்தி என்று இல்லை.

ஒரே கூட்டத்தில் பொண்ணு எடுக்கக் கூடாது, பங்காளி முறை என்கிறார்கள். ஆனால் சொந்த மாமன் மகளைக் கட்டு என்று வீட்டில் நெருக்குகிறார்கள். அறிவியல்படி எது நெருக்கம்? – பல்லடம்

மாமன் மகள்தான் தம்பி. சந்தேகமே வேண்டாம்.

கூட்டம் என்பது அப்பன் வழியில் வரும் குலம். அப்பன் வழியாக மகனுக்கு மட்டும் ஏறக்குறைய மாறாமல் போவது ஒய் குரோமோசோம். தத்து எடுக்காத வரைக்கும், ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் ஆண்களிடம் ஒரே ஒய் இருக்கலாம். ஆனால் 46இல் அது ஒன்று, அதுவும் சின்னது. மிச்சமெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் கலைகிறது. பத்துத் தலைமுறை மேலே போனால் உங்கள் வம்ச மரத்தில் 1,024 இடம். கூட்டத்தின் மூத்தவர் அதில் ஒரே ஓர் இடம். பத்துப் பதினைந்து தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி வீட்டுப் பெண்ணோடு உங்களுக்கு ரத்தத்தில் பொது என்று ஏதும் இல்லாமலே போகலாம். மாமன் மகளோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகள் என்றால் நாலில் ஒரு பங்கு.

அதனால் என்ன? கெட்டுப்போன மரபணு ஒன்றிரண்டு எல்லோரிடமும் ஒளிந்திருக்கும். இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. உங்கள் அப்பிச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், இருந்த ஒன்று, அம்மா வழியாக உங்களுக்கும் மாமன் வழியாக அந்தப் பெண்ணுக்கும் வந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டு பிரதியும் கெட்டதாக அமைய. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை வருமென்றால், மாமன் அத்தை பிள்ளைகள் கட்டும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. அந்தக் கூடுதல் பங்கும் பொய்யில்லை.

நானும் மாமன் மகனைத்தான் கட்டினேன். இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சின்ன மாமியார் வீட்டில் அப்படி இல்லை. ஆறு வயசுப் பையனை மாதம் ஒரு முறை ரத்தம் ஏற்றத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள் அவள். தலசீமியா, ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். அந்தப் பேரே அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ‘யாரோ கண்ணு வெச்சுட்டாங்க’ என்றுதான் அதுவரைக்கும் பேசினோம். இருவருமே அதைச் சுமக்கிறார்களா என்று தெரிய ஓர் எச்.பி.ஏ.2 ரத்தப் பரிசோதனை போதும். போன மாதம் எழுதிய ஒரு வரியின் முழு அர்த்தம் இதுதான்.

கட்டுவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?

டி.என்.ஏ. பார்க்கும் கம்பெனிக்கு எச்சில் அனுப்பினால் என்னென்ன வியாதி வரும் என்று சொல்கிறார்களாமே? – சாய்பாபா காலனி, கோவை

ஒரே மரபணுவால் வரும் நோய் குடும்பத்தில் இருந்தால் டாக்டர் மூலம் அந்தச் சோதனையைச் செய்யுங்கள், பயன் உண்டு. சர்க்கரை வியாதிக்கு அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சேர்வது அது. அவர்கள் ஒப்பிடும் கணக்கும் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துப் போட்டது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேருடையதைப் படித்து முடித்ததாக 2024இல்தான் அறிவித்தார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கி, ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடங்கள்.

வாழைப்பழத்தில் டி.என்.ஏ. எடுக்கும் சோதனை பள்ளியில் செய்தோம். ஒன்றுமே வரவில்லை. ஏன் டீச்சர்? – எட்டாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

சாமி, ஸ்பிரிட் சில்லென்று இருந்ததா? பத்துக்கு ஒன்பது தரம் அங்கேதான் தப்பு. முந்தின ராத்திரியே பிரிட்ஜில் வைக்க வேண்டும். இன்னொன்று, சானிடைசர் ஜெல்லை ஊற்றியிருப்பீர்கள். அது ஆகாது. மருந்துக்கடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டு போகாதே.

பாதி நேந்திரம்பழம், நன்றாகப் பழுத்தது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பழத்தை அதில் பிசை. நுரை வராமல் மெதுவாக. சோப்பு செல்லின் கொழுப்புத் தோலைக் கரைக்கும், உப்பு டி.என்.ஏ. ஒன்றோடொன்று சேர உதவும். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டு. வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சாய்த்துப் பிடித்து, ஓரத்தோடு ஸ்பிரிட்டை இறக்கு. கலக்காதே. கலக்கத்தான் கை பரபரக்கும், கையைக் கட்டிக்கொள். இரண்டு திரவமும் சேரும் இடத்தில் வெள்ளையாக, நூலாம்படை மாதிரி மிதந்து வரும். ஈர்க்குச்சியில் சுற்றி எடுக்கலாம். வருவது எல்லாம் டி.என்.ஏ. இல்லை, பழத்தின் பசையும் அதில் கலந்திருக்கும். ஆனால் நேந்திரத்தின் ஒவ்வொரு செல்லில் இருந்த 33 குரோமோசோமும் அதற்குள் எங்கோ இருக்கிறது.

மிச்சம் பாதிப் பழத்தைக் கன்றுக்கு வை. டம்ளரில் இருப்பதை வைத்துவிடாதே.