ரீச்சரிடம் கேளுங்கள்: எழுதத் தெரியும், வாய்தான் திறக்காது

இம்முறை வந்த கடிதங்களை முற்றத்தில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வேலியோரம் வந்த மான் ஒன்று ஓர் உறையைக் கடித்துத் தின்றுவிட்டது. திருகோணமலை நகரத்தில் இருப்பவர்களுக்கு இது புதினம் இல்லை. உங்கள் கேள்விக்கு இங்கே பதில் இல்லையென்றால் என்னைக் கோபிக்காமல் திரும்ப எழுதுங்கள்.

மகள் தரம் 4 படிக்கிறாள். ரியூசனில் ஒரு நாளைக்கு 20 ஆங்கிலச் சொல் எழுத்துக்கூட்டிப் பாடமாக்கக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொல்கிறாள். ஆனால் புத்தகத்தில் புதிய சொல் ஒன்றைக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. கண்ணைக் காட்ட வேண்டுமா ரீச்சர்?
– ஒரு தாய், உப்புவெளி

கண்ணில் ஒன்றுமில்லை பிள்ளை. அவள் எழுத்துகளின் பெயரைப் படித்திருக்கிறாள், சத்தத்தைப் படிக்கவில்லை. தமிழில் ‘க’வின் பெயரும் க, சத்தமும் க. ‘ப’, ‘ட’, ‘ம்’ என்று அடுத்தடுத்துச் சொன்னால் படம் வந்துவிடும். ஆங்கிலத்தில் எஸ், யூ, என் என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் சூரியன் உதிக்காது. ஸ், அ, ன் என்று சத்தத்தைச் சேர்த்தால்தான் ‘சன்’.

இரண்டு கிழமைக்கு அந்த 20 சொல்லை நிறுத்திவையுங்கள். ஒரு சொல்லை எடுத்து முதல் எழுத்தை மட்டும் மாற்றுங்கள்: சன், ரன், பன், ஃபன், கன். தலை மாறுகிறது, வால் அப்படியே இருக்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். எல்லாச் சொல்லும் இப்படி அடங்காது. உயிரெழுத்து ஐந்தை வைத்துக்கொண்டு பிரித்தானியர் 20 உயிரொலி அளவில் உச்சரிக்கிறார்கள். ‘கட்’டுக்கும் ‘புட்’டுக்கும் நடுவில் நிற்பது ஒரே யூதான், சத்தம் வேறு. அப்படி முரண்டு பிடிக்கிற சொற்களைப் பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அப்படிப் பாடமாக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

என்னுடைய மாணவன் ஒருவன் அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதினான். ‘டியர் சேர்’ என்பதை டீ, ஈ, ஈ, ஆர் என்று எழுதிவிட்டான். மான் ஐயா! நான் அரைப் புள்ளி கொடுத்தேன். சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறான் அல்லவா? கோட்டை வாசலில் தினமும் மான் பார்க்கிறவன் வேறு எப்படி எழுதுவான்?

நியமனம் கிடைத்து நான்கு மாதம். தரம் 6இல் 38 பிள்ளைகள். ஆங்கிலத்தில் சொன்னால் முழிக்கிறார்கள், தமிழில் சொன்னால்தான் அசைகிறார்கள். ‘வகுப்பில் தமிழே கதைக்கக்கூடாது’ என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். பாடத்திட்டம் பிந்துகிறது என்று அதிபர் சொல்கிறார். அழுகைதான் வருகிறது ரீச்சர்.
– இளம் ஆசிரியை, மூதூர்

அழ வேண்டாம் மகள். நான்காவது மாதம் எல்லோருக்கும் அப்படித்தான்.

நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லி, மூச்சு விடாமல் அதன் தமிழையும் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். கீழே தமிழ் எழுத்து ஓடுகிற இங்கிலீஷ் படத்தில் யார் வசனத்தைக் கேட்கிறார்கள்? தமிழ் வரும் என்று தெரிந்தால் பிள்ளையின் காது ஆங்கிலத்துக்குத் திறக்காது. ஒரு தடவை சொல்லுங்கள், கையால் காட்டுங்கள், திரும்பச் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்தக் காத்திருப்புத்தான் கஷ்டம்.

முதல் பத்து நிமிடம் கட்டளை விளையாட்டு வையுங்கள். எழும்பு, ஜன்னலைத் தொடு, பக்கத்துப் பிள்ளையின் பேனையை எடு, அதை என் மேசையில் வை. எல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளை வாய் திறக்க வேண்டாம், உடம்பால் பதில் சொன்னால் போதும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். கைக்குழந்தை பேசுவதற்கு முன்பே ‘இங்கே வா’ என்றால் வருகிறதே, அதுதான் அவர் பிடித்த நுனி. மூன்றாம் கிழமை ஒரு பிள்ளையை முன்னே விட்டு உங்களுக்குக் கட்டளை போடச் சொல்லுங்கள். ரீச்சரைக் கதிரையில் ஏற்றி இறக்க ஆசைப்பட்டே ஆங்கிலம் வந்துவிடும்.

அடுத்தது கணக்கு. பாடவேளை 40 நிமிடம், பிள்ளைகள் 38. ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும், மற்ற 37 பேரும் அந்த நேரம் மேசையில் படம் கீறுவார்கள். வாங்கில் பக்கத்தில் இருப்பவருடன் கதைக்க விடுங்கள். ஒருவர் மீன் விற்கட்டும், ஒருவர் விலை பேசட்டும். மூதூர்ப் பிள்ளைகளுக்கு மீன் விலையை நாம் படிப்பிக்கத் தேவையில்லை. சத்தம் கேட்டு அதிபர் வந்து எட்டிப் பார்ப்பார். முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள், ‘சேர், இன்றைக்குச் சத்தம் போடுவதுதான் பாடம்’ என்று.

தமிழே கூடாது என்ற கதைக்கு வருகிறேன். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் ஆங்கில வகுப்பில் தமிழ் கதைத்தால் 2 ரூபா தண்டம் வைத்தார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர், அந்த 40 நிமிடமும் வாயே திறக்கவில்லை. மாத முடிவில் உண்டியலில் 14 ரூபா இருந்தது, அதில் 6 ரூபா என்னுடையது. ‘ஆல்தோ’ என்ற சொல்லை நடித்துக் காட்ட முடியுமா? ‘என்றாலும்’ என்று ஒரு தடவை தமிழில் சொல்லிவிட்டு நகருங்கள். ‘எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ என்று நாங்கள் சொல்கிறோம், ‘ஐ ஹேவ்’ என்று அவர்கள் தம்பிமாரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். இரண்டு வசனத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு நிமிட வேலை.

பிழை விட்டால்? ‘யெஸ்டடே ஐ கோ டு கன்னியா’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘ஓ, யூ வென்ட் டு கன்னியா? வெந்நீர்க் கிணற்றில் குளித்தாயா?’ என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். சரியான சொல் காதில் விழும், கதையும் அறாது. சிலருக்கு அது காதில் ஏறாது. அவர்களுக்காகக் கடைசி ஐந்து நிமிடத்தில், பெயர் சொல்லாமல், கரும்பலகையில் திருத்துங்கள். ‘ஷீ கோ’ என்று எஸ் இல்லாமல் சொல்வதற்குத் தரம் 6இல் யாரையும் தண்டிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைக்கே அந்த எஸ் பிந்தித்தான் வாயில் வரும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு 11 வயதில் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ என்றுதான் வந்தது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்காது, அதனால் நாக்கு முன்னால் ஒரு ‘இ’யை முட்டுக் கொடுக்கும். படிப்பித்தவர் இதை விளக்கவில்லை, வகுப்பு முழுவதையும் ‘இஸ்கூல்’ என்று சொல்லிக்காட்ட வைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆங்கில வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது ‘பிரசன்ட்’ என்பதைத் தவிர நான் வேறு சொல் சொல்லவில்லை.

விடுமுறையில் புறாமலைக்கு ஆட்களை ஏற்றும் படகில் உதவிக்கு நிற்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் ‘டோன்ட் யூ ஹேவ் சேஞ்ச்?’ என்று கேட்டார். என்னிடம் சில்லறை இல்லை, ‘யெஸ்’ என்றேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். என்ன பிழை?
– ஓ.எல். மாணவன், நிலாவெளி

தம்பி, உன்னுடைய தமிழ் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ‘சில்லறை இல்லையா?’ என்றால் ‘ஓம், இல்லை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, உன் சட்டைப்பையைத்தான் பார்க்கும். காசு இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ, எப்படித் திருப்பிக் கேட்டாலும் சரி. ஜப்பான்காரரும் நம்மைப் போலத்தான் ஓம் சொல்வார்கள். அப்படி ஒருவர் படகில் ஏறினால் நீங்கள் இரண்டு பேரும் நன்றாக விளங்கிக்கொள்வீர்கள், ஆங்கிலம்தான் தனியாக நிற்கும். சந்தேகம் வந்தால் யெஸ்ஸையும் நோவையும் விட்டுவிட்டு ‘சொறி, ஐ டோன்ட்’ என்று சொல்லிவிடு.

மகனை அடுத்த வருடம் தரம் 6இல் ஆங்கில மொழிமூல வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தகப்பன், தம்பலகாமம்

தரம் 6 விஞ்ஞானப் புத்தகத்தின் ஆங்கிலப் பிரதியை இரவல் வாங்கி, ஒரு பக்கம் வாசிக்கக் கொடுங்கள். விளங்கியதைத் தமிழில் சொல்லட்டும். பாதி வந்தால் சேருங்கள். தமிழும் சமயமும் வரலாறும் எப்படியும் தமிழில்தான் நடக்கும், அந்தப் பயம் வேண்டாம். அதோடு, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படிப்பிக்க அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். ஒருவர்தான் என்றால், அவருக்கு எப்போது இடமாற்றம் என்பதையும் கேட்டு வையுங்கள்.