பிட்டைக் கிழித்துப் போடாதீர்கள், படித்துப் பாருங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், அரையாண்டுக் கணிதத் தேர்வில் ஜாமெட்ரி பாக்ஸில் பிட் வைத்திருந்து பிடிபட்டான். மாற்றுச் சான்றிதழில் எழுதிவிடுவார்களோ, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் செல்வாக்கு உள்ளதாகச் சொல்லும் ஒருவர், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். பிட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். (ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: அம்மா, அந்த நபருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு பள்ளிக்குள் முடிகிற விஷயம். அதில் பிடிபட்டதற்காக, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வை எழுத விடாமல் யாரும் தடுப்பதில்லை. நடத்தைச் சான்றை எழுதுபவர் தலைமையாசிரியர். பெற்றோர் இருவரும் மகனோடு நேரில் சென்று, அவன் கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுத்துப் பேசினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். பொதுத்தேர்வில் பிடிபட்டால் கதை வேறு. தேர்வு ரத்தாவது முதல் தொடர்ந்து எழுதத் தடை வரை தண்டனை உண்டு.

இந்த இடைத்தரகர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இப்போது 'முடித்துத் தருகிறேன்' என்பவரே மார்ச் மாதத்தில் டெலிகிராமில் வினாத்தாள் விற்க வருவார், முடிவு வந்ததும் மறுகூட்டலில் மதிப்பெண் ஏற்றித் தருவதாகச் சொல்வார். உரிய கட்டணம் செலுத்தி முறையாக விண்ணப்பிப்பதைத் தவிர மறுகூட்டலுக்கு வேறு வழியே கிடையாது. அவரிடம் பணம் கொடுத்தால், மகன் செய்த அதே தவற்றை அவன் கண்ணெதிரே நீங்களும் செய்கிறீர்கள்.

இனி அந்தப் பிட்டுக்கு வருகிறேன். பஸ் டிக்கெட் அளவுத் தாளில் முதல் வரியே வட்டத்தின் பரப்பளவு. அதன் கீழே 'ஆரம்' என்று எழுதி, பக்கத்தில் 'விட்டத்தில் பாதி' என்று குறித்திருக்கிறான். வட்டம் ஏழாம் வகுப்புப் பாடம். ஆரம் என்றால் என்ன என்பதையே ஒளித்து எடுத்துச் செல்லும் பிள்ளை சோம்பேறியல்ல. அவன் ஏழாம் வகுப்பிலேயே நின்றுவிட்டான். எட்டு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதுக்கு வந்ததும், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமே என்ற கவலையில், பின்தங்கியவனுக்குச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு அவனை வடிகட்டப் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியரிடம் தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்கும் அதிகாரிகள் இருக்கும் வரை இது மாறாது.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லும் பையன் எழுதும்போது எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிப் போடுகிறானா? அப்படியானால் அது டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்று பெற்ற அத்தகைய பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது. இதைப் பள்ளி தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புதான் அதற்குச் சரியான சமயம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை வாங்கி, தினமும் அரைமணி நேரம் அவனோடு உட்காருங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. இன்று மாலை ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை நூலால் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கேயும் அளந்து, முதல் அளவை இரண்டாவதால் வகுக்கட்டும். மூன்றுக்குச் சற்று மேலே வரும். பிறகு ஒரு டம்ளரின் வாயையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள்.