உறவினர் விட்டுச்சென்ற தாடி ஓணானை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவருக்கு, இறந்துபோன பெரியப்பா வீட்டிலிருந்து தாடி ஓணான் (பியர்டட் டிராகன் என்கிற ஆஸ்திரேலிய ஊர்வன) ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. “தொட்டி, விளக்கு, தீனி டப்பா எல்லாம் கூடவே வந்துவிட்டன. இனி நான் என்ன செய்ய வேண்டும்?” என்கிறார். எனக்கும் அப்படித்தான் எல்லாம் கூடவே வந்தன. அவற்றில் பாதி தவறானவை என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் அவஸ்தைப்பட்டது நான் இல்லை, ஓணான்.

நான் இருப்பது மெல்பர்னில். மின்பணி என் தொழில். என் அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவன் நான்கு வருடமாக வளர்த்துவந்த ஓணானைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை வளர்ப்புப் பிராணியாகக்கூட வெளியே விடுவதில்லை. சிங்கப்பூரிலோ இதை வீட்டில் வைத்திருக்கவே அனுமதி கிடையாது. இரண்டு பக்கமும் பூட்டு. “ஒரு வருடம்தான் மாமா” என்று சொல்லி, பொங்கலுக்கு மறுநாள் காரின் பின் இருக்கையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது பழமொழி.

முதலில் ஒரு காகித வேலை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இதை வளர்க்க உரிமம் வேண்டும். அவன் உரிமம் அவனோடு போயிற்று. என் பெயரில் புதிதாக வாங்கினேன். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

அவன் வைத்த பெயர் மாணிக்கம். கடைக்காரர்கள் பியர்டட் டிராகன் என்று பெரிதாகச் சொன்னாலும் இது ஓணான்தான். நம் ஊர் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். சேதுவுக்குப் பாலம் கட்டியபோது அணில் ராமருக்கு இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்று ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு, தலையாட்டும் ஓணானையெல்லாம் கல்லால் அடித்துத் திரிந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் இருந்தது. வந்த முதல் நாள் மாணிக்கம் கல்மேல் ஏறி, முன்னங்கால்களை ஊன்றி, என்னைப் பார்த்து மூன்று முறை தலையாட்டினான். எனக்கு வயது ஐம்பத்தொன்று. அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் பத்து வயதுப் பையனாக நின்றேன்.

பிப்ரவரி முழுக்க எல்லாம் நன்றாகப் போவதாகவே நினைத்தேன். மார்ச் கடைசியில் ஒரு மாற்றம். கல்மேல் ஏறுவதற்கு இரண்டு முறை முயன்றான். ஓய்வாகக் கிடக்கும்போது பின்னங்கால் விரல்கள் தந்தி அடிப்பது போலத் துடித்தன. ஏதோ விளையாட்டு என்று எண்ணி, அதைப் படம் பிடித்து மருமகனுக்கும் அனுப்பினேன். அவன் சிரிப்புக் குறி ஒன்றைப் பதிலாக அனுப்பினான். நாங்கள் இருவரும் இப்போதும் பேசிக்கொள்ளாத விஷயம் அது.

ஊர்வன பார்க்கும் விலங்கு மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கையில் உடம்பை ஏந்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினார். எலும்பு இருக்க வேண்டிய இடம் அழுத்தத்துக்கு இணங்கியது. கடையில் கொய்யாப் பழத்தை அழுத்திப் பார்ப்போமே, அந்த மாதிரி. என் விரலையும் பிடித்து அங்கே வைக்கச் சொன்னார். பிறகு, “புற ஊதா விளக்கு இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது. நன்றாக எரிகிறது.”

“எப்போது வாங்கியது?”

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். இரண்டரை வருடத்துக்கு முன் வாங்கியது என்றான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பெரியப்பா வீட்டிலிருந்து வந்த விளக்கிலும் இதே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பிராணிக்கு இரண்டு விதமான வெயில் வேண்டும். ஒன்று சூடு. மற்றொன்று யூ.வி.பி. என்கிற புற ஊதாக் கதிர், ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதி. அது தோலில் பட்டால்தான் உடம்பு டி3 வைட்டமினைச் செய்துகொள்ளும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உள்ளே சேரும். சேராவிட்டால், ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாடை மெத்தென்று ஆவதும், விரல் துடிப்பதும், கால் வளைவதும் அதனால்தான். முதுகெலும்பு கோணிவிட்டால் பிறகு நிமிராது.

குழல் விளக்கு எரிவதற்கும் அந்தக் கதிர் வருவதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிச்சம் வருடக்கணக்கில் வரும். கதிர் அதற்கு முன்பே மங்கிவிடும். டி5 என்கிற நல்ல மெல்லிய குழலைக்கூட ஒரு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். வேலைத்தளத்தில் ஒவ்வொரு நீட்டிப்பு ஒயருக்கும் சோதித்த தேதிச் சீட்டு ஒட்டுகிறவன் நான். என் வீட்டுக் கூடத்தில் எரிந்த விளக்குக்குத் தேதி இல்லை. இப்போது குழலின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மாதமும் வருடமும் எழுதியிருக்கிறேன். உங்கள் குழலில் தேதி தெரியாவிட்டால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். யூ.வி.பி. 10 அல்லது 12 சதவீதம் என்று குறித்த நீளக் குழல், தொட்டியின் பாதி நீளத்துக்குமேல் வர வேண்டும். வெயில் காயும் கல்லுக்கும் குழலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நடுவில் கம்பி வலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கை அதுவே விழுங்கிவிடும். கண்ணாடி அறவே விடாது. நான் தொட்டியை ஜன்னலோரம் தள்ளி வைத்து, இயற்கை வெயில் கிடைக்கிறது என்று மனைவியிடம் பெருமை பேசியிருந்தேன். வெயில் கிடைத்தது உண்மை. கதிர் கிடைக்கவில்லை.

சூட்டுக் கதை இதைவிட வெட்கக்கேடு. தொட்டியின் உள்சுவரில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி 38 காட்டும். சரி என்று விட்டுவிட்டேன். ஸ்விட்ச்போர்டில் எந்த இணைப்பு சூடேறுகிறது என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி என் கருவிப் பெட்டியில் பதினைந்து வருடமாக இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் அதைக் கல்லின்மேல் காட்டினேன். 31 டிகிரி. சுவரில் இருந்த கருவி விளக்குக்குப் பக்கத்துச் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓணான் படுக்கிற கல்லின் சூட்டை அதனிடம் யாரும் கேட்கவில்லை. வளர்ந்த ஓணானுக்குக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 வரை இருக்க வேண்டும். தொட்டியின் மறுமுனை 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும், சூடு போதும் என்று தோன்றினால் அது விலகிப் போவதற்கு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடலாம். 18 வரை இறங்கினாலும் தாங்கும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது. மாணிக்கம் நாள்தோறும் தின்றுகொண்டுதான் இருந்தான், அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பல்பை மாற்றி, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றும் வைத்தேன். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்யாதீர்கள். நம் கைக்குச் சுடுவது வேறு, அதற்கு வேண்டியது வேறு.

அடுத்து, கீரை. கீரை நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் மனைவி தினமும் பாலக்கீரையை நறுக்கி வைத்தாள். பாலக்கில் இருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அதாவது, ஒரு பக்கம் டி3 இல்லை, இன்னொரு பக்கம் இருக்கிற கால்சியத்துக்கும் கட்டு. இரண்டு பேரும் பாசத்தோடு சேர்ந்து செய்த வேலை. எப்போதாவது ஓர் இலை போனால் ஒன்றும் ஆகாது. தினசரி உணவாகக் கூடாது. இப்போது எண்டைவ், பாக் சோய், மருந்து தெளிக்காத டாண்டிலையன் இலை, துருவிய பூசணி, கோடையில் பின்கட்டு முசுக்கட்டை மரத்தின் இலை. அவகாடோ விஷம், வீட்டில் இருந்தால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

குட்டிகளுக்குப் பூச்சி அதிகம், வளர்ந்ததற்குக் கீரை அதிகம். பூச்சியின் நீளம் ஓணானின் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். இங்கே கடைகளில் வுடி என்று ஒருவகைக் கரப்பானை டப்பாவில் போட்டு விற்கிறார்கள். கரப்பானை ஒழிக்க மருந்து வாங்கியே பழகிய வீட்டில், கரப்பானையே காசு கொடுத்து வாங்கி, அதற்குக் கேரட் போட்டு வளர்க்கிறோம். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

ஆனால் அது பூச்சியைப் பிடிப்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளக்கும். வால் நுனி மட்டும் லேசாகச் சுருளும். பிறகு ஓட்டம், தடித்த இளஞ்சிவப்பு நாக்கு, ஒரு சிறு முறுக்கு ஓசை. தாடை மெத்தென்று இருந்த நாட்களில் அந்த ஓசை கேட்டதில்லை. ஜூனுக்கு முன் அது திரும்பி வந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் உதிரி மணல் வேண்டாம், தீனியோடு சேர்ந்து குடலை அடைக்கும். மின்சாரத்தில் சூடாகும் கல் வேண்டாம், வயிறு வெந்துபோகும். துணைக்கு இன்னொன்று வாங்காதீர்கள். தனியாக வாழ்கிற பிராணி, சண்டையில் விரலும் வாலும் போகும், பல்லியைப் போல வால் மறுபடி முளைக்காது. மேலிருந்து கையை இறக்கித் தூக்காதீர்கள். உச்சந்தலையில் வெளிச்சத்தை உணர்கிற மூன்றாவது கண் போன்ற புள்ளி ஒன்று இருக்கிறது. மேலே நிழல் விழுந்தால் பருந்து என்றே எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் கையைக் கொடுத்து, நெஞ்சுக்கு அடியில் ஏந்துங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம்.

ஜூன் மாதம் இன்னொரு பயம். மெல்பர்னில் அது குளிர்காலம். மாணிக்கம் தின்பதைக் குறைத்து, மரப்பட்டைக்கு அடியில் புகுந்துகொண்டு, வெளியே வரவே மறுத்தான். மூன்று மாத வைத்தியம் வீணாயிற்று என்று நினைத்து, பல்பை இன்னும் பெரிதாக்கப் போனேன். மருத்துவர் தடுத்தார். வளர்ந்த தாடி ஓணான்கள் பல குளிர்காலத்தில் வாரக்கணக்கில் உறங்கும். மலத்தைச் சோதித்துப் புழு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, வயிறு காலியான பின் உறங்கவிடச் சொன்னார். செரிக்காத தீனியோடு குளிரில் படுத்தால் அது உள்ளேயே அழுகும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில், தனித் தட்டு வைத்து, எடை பார்த்தேன். படுக்கும்போது 430 கிராம். ஆகஸ்ட் கடைசியில் எழுந்தபோது 421. பத்து வாரம் பட்டினி கிடந்து ஒன்பது கிராம். நான் ஒரு நாள் விரதம் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எடை சட்டென்று இறங்கினால் அது உறக்கமில்லை, நோய்.

அக்டோபரில் மாணிக்கம் தொட்டியின் ஒரு மூலையை விடாமல் பிறாண்ட ஆரம்பித்தான். வயிறு இரண்டு பக்கமும் கோலிக்குண்டு நிரப்பிய பைபோல இருந்தது. மருத்துவர் வயிற்றைத் தடவியவுடனே சிரித்துவிட்டார். “இவன் பெயர் என்ன?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். ஆண் துணை இல்லாமலேயே பெண் ஓணான் கருவில்லாத முட்டை இடும், வீட்டுக் கோழியைப் போல. தோண்டுவதற்கு ஈர மணல் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். மருமகன் தாடி கறுப்பதைப் பார்த்து ஆண் என்று முடிவு கட்டியிருந்தான். தாடி இருபாலுக்கும் கறுக்கும். (முட்டை அடைகாக்கும் சூடு 32 டிகிரியைத் தாண்டினால், ஆணின் குரோமோசோம் உள்ள கருவும் பெண்ணாகவே வளரும் இனம் இது. காட்டிலேயே அப்படி நடப்பதைக் கான்பெராப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். அதனால் மருமகனை ரொம்பவும் கேலி செய்யவில்லை.)

அன்று மாலை வாளியில் மணலைப் பிசைந்து, ஒரு முழ ஆழப் பிளாஸ்டிக் பெட்டியில் நிரப்பி வைத்தேன். விடிய விடியத் தோண்டினாள். காலையில் மணல் சமமாக மூடியிருந்தது, மூக்கின்மேல் மண். மொத்தம் 19 முட்டைகள். அன்று முதல் என் மனைவி மாணிக்கம்மாள் என்றுதான் கூப்பிடுகிறாள்.

உங்களுடையது ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. வாலின் அடிப்பகுதியை லேசாக உயர்த்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பும் நடுவில் பள்ளமும் இருந்தால் ஆண். இல்லையென்றால், விளக்கு வாங்கப் போகும்போதே ஆழமான பெட்டி ஒன்றும் ஒரு மூட்டை மணலும் சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள்.