மழை விட்டதும் காட்டில் தென்படும் ஆரஞ்சுப் ‘பல்லி’: தொடலாமா, வளர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வசிக்கிறோம். மழை விட்ட பிறகு காட்டுப் பாதையில் நடந்தபோது, விரல் நீளத்தில் பளீரென்ற ஆரஞ்சு நிறப் பல்லி ஒன்று மெதுவாக ஊர்ந்து போனது. மகன் கையில் எடுத்துவிட்டான். விஷமா? வீட்டில் வளர்க்கலாம் என்று வேறு நச்சரிக்கிறான்.

பதில்: கையில் எடுத்ததற்கெல்லாம் பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவும்வரை கண்ணைக் கசக்காமல், விரலை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷம் இருப்பது உண்மை. பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் இதன் தோலிலும் உண்டு. கடித்து ஏற்றுகிற விஷமல்ல, தின்ன வருபவருக்கானது. அந்தத் தைரியத்தில்தான் பட்டப்பகலில், ஓட்டமும் ஒளிவும் இல்லாமல் உலாத்துகிறது. ‘என்னைத் தின்னாதே’ என்று பறவைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கைதான் அந்த நிறம்.

அது பல்லியே அல்ல. தவளைக்கு உறவான சாலமண்டர். கிழக்கத்திய நியூட் என்று பெயர். அடுத்த முறை குனிந்து பாருங்கள்: தோலில் செதில் இருக்காது, விரலில் நகம் இருக்காது, முன்காலில் நான்கே விரல். முதுகில் கறுப்பு விளிம்பு கட்டிய சிவப்புப் புள்ளிகள் இருக்கும். உங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வ இருவாழ்வியும் இதுதான், 1985 முதல்.

நீங்கள் பார்த்தது அதன் இளம்பருவம், ‘எஃப்ட்’ என்பார்கள். குளத்தில் செவுளோடு வளரும் குஞ்சு, செவுளை இழந்து, நுரையீரலோடு கரையேறி, ஆரஞ்சு நிறம் பூண்டு காட்டுக்குள் போகிறது. இலைச்சருகில் கிடைக்கும் உண்ணிகளையும் பொடிப் பூச்சிகளையும் குட்டி நத்தைகளையும் தின்றபடி இரண்டு முதல் ஏழு ஆண்டுகள்வரை அங்கேயே திரியும். அப்புறம் உடல் ஆலிவ் பச்சையாகி, வால் துடுப்புப்போல் தட்டையாகி, மறுபடி தண்ணீருக்குத் திரும்பும். திசை அறியப் பூமியின் காந்தப்புலத்தையும் பயன்படுத்துகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இனி பெரும்பாலும் குளம்தான். பெண் நியூட், நீர்ச்செடி இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். நிறம் மங்கினாலும் சிவப்புப் புள்ளிகள் மட்டும் போகாது.

சரி, வளர்க்கலாமா? வேண்டாம் என்பேன். உயிருள்ள பொடி இரையைத் தினமும் தேடிப் பிடித்துப் போட வேண்டும். சில ஆண்டுகளில் காட்டுத் தொட்டியைக் குளத் தொட்டியாக மாற்ற வேண்டும். பிடித்து வைப்பது குறித்த சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ‘கொஞ்ச நாள் வைத்திருந்து விட்டுவிடலாம்’ என்பது இன்னும் மோசம்; வீட்டுத் தொட்டியில் தொற்றும் நோய் அதனோடு காட்டுக்குப் போய்விடும். ஐரோப்பாவில் தீச் சாலமண்டர்களைக் கொன்று குவித்த தோல் பூஞ்சை ஒன்று இங்கே நுழைந்துவிடக் கூடாதென்றுதான், 2016-இல் அமெரிக்கா 20 சாலமண்டர் பேரினங்களின் இறக்குமதியைத் தடுத்தது. இதன் பேரினமும் அதில் அடக்கம்.

பையனின் ஆசைக்கு, மழை நாளில் அதே பாதைக்குக் கூட்டிப்போங்கள்; ஒன்றுக்கு நாலாகப் பார்க்கலாம். கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ பூசிய கையால் மட்டும் தொட விடாதீர்கள், அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அது போகிற பக்கமாகவே தூக்கி ஓரத்தில் விடுங்கள்.